ஒன்பதாம் நம்பர் செருப்பு

அத்தியாயம் 14

போன வாரம் வேனை ஆலங்காயத்துக்கு மேலே, மலை ஏறும் ரோட்டின் இரண்டாவது வளைவில் நிறுத்திவிட்டுப் பிரிந்தோம். காரணம், சைமாவின் வாந்தி. ஏழு நாளாக அந்தப் பெண்ணை ரோட்டோரம் குனிய வைத்திருப்பது நியாயமில்லை. வாந்தி நின்றுவிட்டது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். வேன் கிளம்பியது.

பக்கத்தில் அவள் அப்பா நசீர். வாணியம்பாடி டேனரி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் தோல் தரம் பிரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவு தடவினால் போதும். ஆடு எந்தப் பக்கத்து ஆடு, எந்த முள்ளில் கீறிக்கொண்டது, எத்தனை உண்ணி கடித்தது என்று ஜாதகமே எழுதிவிடுவார். ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. விரல்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. வேன் சீட்டைத் தடவிப் பார்த்து, "ரெக்ஸின்" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

முன் சீட்டில் அமீனா, அவர் மனைவி. ஆம்பூர் வரை பஸ்ஸில் போனாலே தலை சுற்றுகிறது என்பவள், இந்த மலைப் பயணத்துக்கு மகளோடு சேர்ந்து ஒற்றைக் காலில் நின்றாள். மடியில் ஒரு கிலோ மக்கன் பேடா டப்பா. புருஷனுக்குச் சர்க்கரை, மகளுக்கு வாந்தி. 'இது யாருக்கு?' என்று வாணியம்பாடியிலேயே கேட்டுப் பார்த்தார் நசீர். "வேன்ல எல்லாருக்கும்தான்" என்றாள். வேனில் ஆம்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் இதுவரை டப்பாவின் மூடிதான் தரிசனம்.

வேனில் இல்லாத ஒருவனையும் சொல்லியாக வேண்டும். மகன் சுஃப்யான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்பா வாங்கிக் கொடுத்த டேனரி வேலையில் மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இனிமேல் தோலைத் தொடமாட்டேன், கறியும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லித் தட்டை நகர்த்தி வைத்தான். வாணியம்பாடியில் பிறந்த ஒருவன் பிரியாணித் தட்டை நகர்த்தினால் அதைக் கொள்கை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. காய்ச்சல் என்று எடுத்துக்கொள்வார்கள். அமீனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நசீர் ஒரு வாரம் சிரித்தார். அடுத்த வாரம் கத்தினார். அதற்கடுத்த வாரம் வாசலில் நின்று, நாலு வீடு கேட்க, "போடா. நீயா வந்து நின்னா பாக்கலாம். நான் ஒன்னத் தேடி வரமாட்டேன், வல்லாஹி" என்று சத்தியமே செய்துவிட்டார்.

அன்றைக்குப் போனவன்தான். தோலில் ஒரு தடவை முத்திரை குத்திவிட்டால் அழிக்கிற பழக்கம் நசீருக்குக் கிடையாது. எனவே மூன்று வருஷமாக அவர் யாரையும் தேடவில்லை. சும்மா பார்ப்பார், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த, உயரமான பையன் எவனாவது முதுகு காட்டி நின்றால், அவன் திரும்பும் வரை பார்ப்பார். திரும்பியதும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"எல்லாரும் லெஃப்ட் சைடு பாருங்க!" என்று கத்தினார் தமிழ்மணி. வேனை ஓட்டுபவரும் அவர்தான், மைக்கில் விளக்குபவரும் அவர்தான். 'ஜவ்வாது மலை: வரலாறும் வனவிலங்கும், ஒரே நாளில்' என்று வேன் முதுகில் எழுதியிருந்தது. "கரடி!"

கரடிதான். வனத்துறை போர்டில் வரைந்திருந்தது. 'மெதுவாகச் செல்லவும்' என்றது.

நிஜ விலங்கு காவலூருக்கு அப்புறம் வந்தது. இரண்டு புள்ளிமான்கள் புதரிலிருந்து வெளிப்பட்டு, ரோட்டின் நடுவில் நின்று, எட்டு ஆசிரியர்களையும் நிதானமாகப் பார்த்தன. வேனுக்குள் மூச்சுச் சத்தம் இல்லை. தங்கத் தண்ணியில் நனைத்து எடுத்த மாதிரி வெயில் அவற்றின் முதுகில் வழிந்தது.

"பின்னாடி நிக்கறது ரெண்டாந்தரம்" என்றார் நசீர். "தொடையில பாரு. கம்பி வேலி கிழிச்சிருக்குது."

"உசுரோட நிக்கறதுக்கு இன்னாங்க தரம்?" என்றாள் அமீனா.

இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், வேறொருவன் கேட்டிருந்தான். டேனரிக் கொட்டகையில், கையில் ஈரத் தோலோடு. அது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அமீனா டப்பாவின் மூடியை ஒரு தடவை அழுத்திக்கொண்டாள். மான்கள் மறுபக்கம் இறங்கி மறைந்தன.

அடுத்து வரலாறு. ஜமுனாமரத்தூருக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தடியில் வேன் நின்றது. இடுப்பளவு கல் ஒன்று. கையில் வில்லோடு ஒரு ஆள், காலடியில் மாடு, நெஞ்சில் அம்பு. யாரோ மஞ்சள் பூசிப் பூ வைத்திருந்தார்கள்.

"நடுகல்" என்றார் தமிழ்மணி. "பக்கத்து ஊர்க்காரங்க மாட்ட ஓட்டிகினு போய்ட்டாங்க. இவரு மீட்டுகினு வரப் போனாரு. மாடு வந்துச்சு, இவரு வரல. அதான் கல்லு."

"மாட்டுக்காகவா செத்தான்?" என்றார் நசீர்.

"ஆமா சார்."

நசீர் அந்த வில்லாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஆயிரம் வருஷம் கழித்தும் மஞ்சள் பூசுகிறார்கள். மாட்டுக்காக வீட்டை விட்டுப் போனவனுக்கு இவர் ஒரு மிஸ்டு கால்கூட கொடுக்கவில்லை. கல்லை வெறுமனே தொட்டுவிட்டு வேனில் ஏறினார். கல்லின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சைமாவுக்கு அதுவே பயமாக இருந்தது.

கல்வீட்டூருக்கு வேன் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. ரோடு அங்கே முடிகிறது. முப்பது வீடு, சாமை அறுத்த நிலம், அதற்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டின் மேல்தான் கல் வீடுகள்: நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடு கல், ஆள் குனிந்து நுழையும் அளவில் ஒரு ஓட்டை. குள்ளர்கள் குடியிருந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். செத்தவர்களுக்குக் கட்டியது என்று படித்தவர்கள் சொல்வார்கள்.

ஊர் சார்பில் கோபால்சாமி வரவேற்றார். அறுபது வயது, துண்டைத் தலையில் கட்டிய மலை விவசாயி.

"எல்லாரும் செருப்ப இந்தப் புளியமரத்தாண்ட உட்டுட்டு வாங்க. மேல செருப்புக் காலு ஏறக்கூடாது. எங்களுக்குக் கோயிலு மாதிரி."

ஆசிரியர்கள் கழற்றினார்கள். சைமா கழற்றினாள். அமீனா எல்லோருக்கும் முன்னால் கழற்றிவிட்டு, பேடா டப்பாவோடு பாதி மேடு ஏறிவிட்டாள். நாற்பது வயதுக்குப் பிறகு அவள் அப்படி நடந்து நசீர் பார்த்ததில்லை.

"நான் வரல" என்றார் நசீர்.

"இன்னாப்பா?" சைமாவின் முகம் விழுந்தது. "இதுக்குத்தானே வந்தோம்?"

"முட்டி வலி. போய்ட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

முட்டி வலி பொய்யில்லை. ஆனால் காரணமும் இல்லை. நாடா கட்டிய பழுப்பு ஷூ போட்டிருந்தார். அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்நிய மண்ணில் நடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. தோல்காரரின் வீம்பு. சைமா ஏதோ சொல்ல வாயெடுத்து, மேட்டைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, ஏறினாள்.

மரத்தடியில் அவரும் பன்னிரண்டு பதின்மூன்று ஜோடிக் காலணிகளும் மட்டும். சும்மா இருக்க முடியாமல் தரம் பிரிக்க ஆரம்பித்தார். ரப்பர். ரப்பர். வெல்க்ரோ. மட்டமான பிளாஸ்டிக், தோல் என்று சொல்லி விற்றிருப்பான். ரப்பர். அப்புறம், கூட்டத்தில் சேராமல், வேருக்கும் வேருக்கும் நடுவில் ஒழுங்காக வைத்திருந்த ஒரு ஜோடி.

அங்கே அவர் கண் நின்றது.

ஒன்பதாம் நம்பர். கெட்டியான எருமைத் தோல் செருப்பு, பின்னால் பக்கிள் வார். இடது கால் செருப்பின் மேல் வாரில், கோதுமை மணி அளவில் ஒரு தழும்பு.

எழுந்து போனார். முட்டி வலி தெரியவில்லை. குனிந்து, எடுக்காமல், கட்டைவிரலால் அந்தத் தழும்பைத் தடவினார்.

அந்த எருமையை அவருக்குத் தெரியும். கம்பியில் கீறிக்கொண்ட ஒரே ஒரு தழும்புக்காகக் கம்பெனி ஒதுக்கிய தோல். மற்றபடி அப்படி ஒரு தோல் அவர் கையில் பத்து வருஷத்துக்கு ஒன்றுதான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரே அளவெடுத்து வெட்டி, ஆம்பூரில் தைக்கக் கொடுத்தார். மகனின் இருபதாவது பிறந்தநாளுக்கு. "இன்னாப்பா, தழும்பு மேலயே தெரியுதே" என்றான் சுஃப்யான். "அடையாளம் இருந்தாத்தான்டா மசூதியில தொலையாது" என்றார்.

வீட்டை விட்டுப் போன அன்று, வாசற்படியில் இந்தச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனான். தார் ரோட்டில், மே மாதத்தில், வெறுங்காலோடு. மறுநாள் காலையில் செருப்பைக் காணோம். "யாரோ எடுத்துகினு போய்ட்டாங்க போல" என்று அமீனா சொன்னாள். நசீர் மூன்று வருஷமாகப் பால்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். பாவம், அவர் காலுக்கு ஏழே பெரிசு.

ஆக, எடுத்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. பேடா யாருக்கு என்றும் தெரிந்துவிட்டது. ஆம்பூர் பஸ்ஸில் தலை சுற்றுகிறவள் ஏன் பதினான்கு வளைவு ஏறினாள் என்றும்.

கோபம் வர வேண்டும். வரும் என்று கொஞ்சம் காத்துப் பார்த்தார். அதற்குள் விரல்கள் வேலையை ஆரம்பித்துவிட்டன.

அடி தேய்ந்து, டயர் வெட்டிப் போட்டிருக்கிறான். இடது குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்னும் அதே நடை. பக்கிள் வார் அறுந்து, தூண்டில் நரம்பால் தைத்திருக்கிறான். தையல் மட்டம்தான், ஆனால் பொறுமையாகப் போட்ட தையல். அப்புறம் தோல். மூன்று மழைக்காலம் இந்த மலையில் நனைந்த தோல். பூஞ்சை இல்லை, வெடிப்பு இல்லை. முகர்ந்தார். புங்க எண்ணெய். மாதம் ஒரு தடவையாவது துடைத்து, எண்ணெய் தேய்த்து, நிழலில் வைக்காமல் தோல் இப்படி இருக்காது.

வேண்டாத பொருளுக்கு யாரும் எண்ணெய் போடுவதில்லை.

நசீர் பக்கத்து வேரில் உட்கார்ந்தார். மேலே இருந்து காற்றில் பேச்சுச் சத்தம் வந்தது. யாரோ விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். குரல் புரியவில்லை, வார்த்தை முடிகிற இடத்தில் ஒரு இழுப்பு மட்டும் கேட்டது. இருநூறு அடி ஏறினால் போதும். ஆனால் சத்தியம் இருக்கிறதே. தேடி வரமாட்டேன் என்று சொன்னார். ஏறினால் தேடியதாகிவிடும். செருப்புப் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று சொல்லவில்லை. அவன் செருப்புக்கு அவன்தானே வரவேண்டும்? வந்தால், அவனாக வந்து நின்றதாகும். சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை.

இப்படியாக, மூன்று வருஷத்துக்கு அப்புறம் மகனிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை அவர் தரம் பிரிக்க ஆரம்பித்தார். 'எப்ப வந்த?' ஒதுக்கப்பட்டது. வந்தது யார்? 'சாப்டியா?' பரவாயில்லை, ஆனால் என்ன சாப்பிட்டாய் என்று பேச்சு போனால் வம்பு. 'ஒங்கம்மா அழுவுறா.' இது போலித் தோல். கடைசியில் ஒன்று கிடைத்தது. 'எண்ணெ நல்லா போட்டிருக்கற.' முதல் தரம். அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

கால் சத்தம். நிமிர்ந்தார். சைமா.

"அப்பா, மேல வாங்கப்பா. சூப்பரா கீது."

"கல்லுதானே?"

"கல்லு வூடுப்பா. மூவாயிரம் வருசம் ஆச்சாம்."

"அப்ப இன்னும் ஒரு மணி நேரம் எங்கயும் போவாது. நீ போ."

"நான் கையப் புடிச்சிக்கறேன்பா. ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போங்க. அங்க ஒருத்தரு… ரொம்ப நல்லா சொல்றாரு."

"இன்னா சொல்றாரு?"

"இந்தக் கல்லப் பத்தி. பறவையப் பத்தி. கரடி இன்னா சாப்புடுதுன்னு."

"குரல் எப்படி கீது அவருக்கு?"

சைமா அப்பாவை உற்றுப் பார்த்தாள். அவர் ரப்பர் செருப்பு ஒன்றின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். "நல்லாத்தான் கீது" என்றாள்.

"நீ போய்க் கேளு. செருப்ப யாராவது பாத்துக்கணும்."

மகளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். மற்றவருக்குத் தெரியும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது. சைமா உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்ப ஏறினாள்.

ஒன்றரை மணிக்குக் கூட்டம் இறங்கியது. ஒவ்வொரு தலையாக நசீர் பார்த்தார். வழுக்கை. நரை. முக்காடு. தொப்பி, தமிழ்மணி. ஆசிரியர்கள் தங்கள் தங்கள் காலணியை மாட்டிக்கொண்டு, "பாத்துக்கிட்டதுக்கு தேங்க்ஸ் பாய்" என்று சொல்லிப் போனார்கள். குவியல் கரைந்தது. கடைசியாக அமீனா. கையில் டப்பா இல்லை. கண் சிவந்திருந்தது.

அவர் எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்ததும் அவள் கால் நின்றது.

"இன்னாங்க, இங்கயே குந்திகினு?"

"செருப்பப் பாத்துகினு கீறேன்."

அமீனா செருப்பைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில், பேசினால் கெட்டுப் போகிற இடம் எது என்று தெரிந்தவள். "சோத்த இங்கயே குடுத்தனுப்பறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாப்பாடு கோபால்சாமியின் வீட்டில். அவர் மனைவி ராணியம்மாள் தட்டில் இலை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்: சாமைச் சோறு, கீரை, புளிக்குழம்பு. "கறி இல்லாத சோறு. ஒத்துக்குமா பாய்?" என்றாள். ஒத்துக்கொண்டது. மூன்று வருஷமாக ஒருவன் இதைச் சாப்பிட்டுத்தான் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்ததும் இன்னும் கொஞ்சம் ஒத்துக்கொண்டது.

இரண்டரை. மூன்று. மரத்தின் நிழல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தது. செருப்பு வெயிலில் விழுந்தது. தோலுக்கு ஆகாது என்று, ஒரு சாண் நிழலுக்குள் தள்ளி வைத்தார்.

மூன்றரைக்கு கோபால்சாமி வந்தார். மேட்டிலிருந்து இல்லை, ஊரின் மறுபக்கத்திலிருந்து.

"இன்னா பாய், இன்னும் இங்கயே கீறீங்க? யாருக்காவ?"

"இந்தச் செருப்புக்காரருக்கு."

"சுபியானுக்கா? அவன் அப்பவே அந்தாண்ட ஏரிப் பக்கமா எறங்கிப் போய்ட்டானே. ரெண்டு மைலு கீது. பறவக் கணக்கு எடுக்கறவங்க வந்துகீறாங்க."

"வெறுங்காலோடயா?"

"ஆமா. நான்கூட கேட்டன், இன்னாடா செருப்ப உட்டுட்டுப் போறன்னு. மேல கல்லாண்ட நின்னுகினு கீழயே பாத்துகினு இருந்தான், ரொம்ப நேரம். 'அது அவருதுதாண்ணா. எடுத்துகினு போவத்தான் குந்திகினு கீறாரு. எடுத்துக்கட்டும்'னான்."

நசீர் மேட்டின் உச்சியைப் பார்த்தார்.

கோபால்சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கொஞ்சம் தாழ்ந்திருந்த இடது தோளைப் பார்த்தார். "நீங்கதான் அந்த அப்பாவா?"

"இருக்கும்" என்றார் நசீர்.

கீழே வேன் ஹாரன் அடித்தது. தமிழ்மணி மைக்கை எடுத்துவிட்டார். "நாலாவப் போவுது சார்! ஃபாரஸ்ட் செக்போஸ்ட் ஆறுக்கு மூடிடுவாங்க சார்! ப்ளீஸ் சார்!"

மூன்றரை மணி நேரம். மேலே ஒருவன், அப்பா பறிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருக்கிறான். கீழே ஒருவர், மகன் வந்து நிற்பான் என்று வாக்கியத்தோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் இருநூறு அடி. அதில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது, அவ்வளவுதானே விதி? கழற்றிவிட்டு ஏறியிருக்கலாம்.

நசீர் குனிந்து தன் இடது ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"பாய், இப்ப மேல ஏறுனா ஆருமே இல்ல" என்றார் கோபால்சாமி.

"ஏறல."

ஷூவைக் கழற்றினார். ஏழாம் நம்பர். நாடாவை உள்ளே மடித்து வைத்து, மகனின் வலது கால் செருப்புக்குப் பக்கத்தில், ஜோடி போல ஒட்டி வைத்தார். ஒன்பதாம் நம்பர் இடது கால் செருப்பைத் தான் மாட்டிக்கொண்டார். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் மிச்சம்.

கோபால்சாமிக்குக் கவலை வந்துவிட்டது. "செருப்பு மாறிப் போச்சு பாய்."

"மாறட்டும். அவன் வந்தா, மாறிப் போச்சுன்னே சொல்லுங்க." நசீர் எழுந்து நின்று நடந்து பார்த்தார். சளக் சளக் என்றது. "வெள்ளிக்கெழம தொழுவப் போவும்போது எங்க மசூதியில இப்படி மாறிடும்ணா. எடுத்துகினு போனவரு அடுத்த வெள்ளிக்கெழம, அதே நேரத்துக்கு, அதே எடத்துல கொண்டாந்து வெப்பாரு. தொலைச்சவரும் வந்து நிப்பாரு. மாத்திகினு போவாங்க. எந்த மசூதியிலயும் அதான் பழக்கம். அவனுக்குத் தெரியும்."

"ஒண்ணே ஒண்ணு மாறுமா?"

"ரெண்டும் எடுத்தா பறிச்சதாயிடும்."

அதோடு, இன்னொரு வசதியும் இருந்தது. மகனைத் தேடி வரமாட்டேன் என்றுதான் சத்தியம். தன் ஷூவைத் தேடி வரமாட்டேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் கப்பல் மாதிரி செருப்புமாக அவர் வேன் ஏறியபோது, எட்டு ஆசிரியர்களும் பார்த்தார்கள். மலைக்கு வந்தால் சிலருக்கு இப்படி ஆகும் என்பதுபோல நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார்கள். சைமா எழுந்து பின் சீட்டுக்குப் போனாள். அமீனா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது.

ஜமுனாமரத்தூர் தாண்டியது. பிறகு நசீர், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்படி கீறான்?"

"எளைச்சிட்டான். தாடி உட்டுகினு கீறான்." அமீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "காதாண்ட ஒரு நரை."

"இருபத்தாறு வயசுல நரையா?"

"உங்க வூட்டு ரத்தம்."

அந்த நரையை நசீர் கொஞ்ச நேரம் மனசுக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எந்தக் காது என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

"செருப்ப நீதான் குடுத்தனுப்புனியா?"

"அவன் போயி மூணாம் மாசமே. சைமா காலேஜ் டூர்ல இங்க வந்தப்போ." அமீனா முந்தானையை முறுக்கினாள். "போடமாட்டான்னு நெனச்சேன். சொல்லாம வெச்சதுக்குத் திட்டுங்க. ஆனா சொல்லியிருந்தா இன்னிக்கு வேன் ஏறியிருப்பீங்களா?"

ஏறியிருக்கமாட்டார். அது அவருக்கே தெரிந்ததால் திட்டு தப்பியது. "சரி, உடு" என்றார். "வெள்ளிக்கெழம நாம ரெண்டு பேரும் வர்றோம். மத்தியானம், அதே மரத்தாண்ட. என் ஷூவு ஒண்ணு அங்க கீது."

திரும்பிப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே?"

"வெள்ளிக்கெழம அவன் இங்க இருக்கமாட்டான்."

"எங்க போறான்?"

"அஸ்ஸாம். யானையப் பத்தி ஏதோ ஆராய்ச்சியாம், ரெண்டு வருசம். அதுக்குத்தாங்க இன்னிக்கே வரணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்." அழுகை வந்துவிட்டது. "வியாழக்கெழம காட்பாடியில ரயிலு."

வேன் ஒரு வளைவில் திரும்பியது. காலுக்குச் சேராத செருப்பு நழுவி, சீட்டுக்கு அடியில் போய் மோதியது. நசீர் குனிந்து தேடி எடுத்தார். ஒரு காலுக்கு ஏழாம் நம்பர் ஷூவையும், மறு காலுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பையும் வைத்துக்கொண்டு ஒரு பையன் அங்கே நிற்பான், இன்றைக்குச் சாயங்காலம். மசூதிப் பழக்கம் அவனுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார் என்று புரியும். தான் அன்றைக்கு இருக்கப் போவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

"ஒத்தச் செருப்போட எப்படிடி ரயிலேறுவான்?"

"வெறுங்காலோட போயித்தான் அவனுக்குப் பழக்கமாச்சே" என்றாள் அமீனா. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்தியது.

நசீர் செருப்பை மாட்டி, பக்கிளைக் கடைசி ஓட்டைக்கு இழுத்தார். அப்போதும் தொளதொளத்தது. கீழே, மலை இறங்கும் இடத்தில், ஆலங்காயத்து விளக்குகள் ஒன்றிரண்டு தெரிய ஆரம்பித்தன. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, சளக் சளக் என்று டிரைவர் சீட்டு வரை போனார்.

"தம்பி. கீழேர்ந்து மேல வர்றதுக்குக் காலைல மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

தமிழ்மணி கண்ணாடியில் பார்த்தார். "என்னைக்கு சார்? வெள்ளிக்கெழமதானே? பின்னாடி பேசிகினு இருந்தீங்களே."

"இல்ல" என்றார் நசீர். "நாளைக்கு."

பின் சீட்டில் சைமா தலையைத் தூக்கினாள். அமீனாவின் கை வாயிலிருந்து இறங்கியது.

"நாளைக்கா? அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு கீது சார்" என்றார் தமிழ்மணி, கியரை மாற்றிக்கொண்டே. "ஆனா மலை பஸ்ஸு. வந்தாத்தான் உண்டு."